ஜிம்மில் அந்த நாலு பேர் யார்?

கேள்வி: வயது 29, எடை 94 கிலோ. திருநெல்வேலி தச்சநல்லூரில் வீடு, வண்ணார்பேட்டையில் வேலை. பக்கத்து ஜிம்மில் மூன்று மாதத்துக்குப் பணம் கட்டிவிட்டேன். மாலையில் உடுப்பை மாற்றிக்கொண்டு கிளம்பி மாடிப்படி வரை போகிறேன். உள்ளே இரும்பு விழும் சத்தம் கேட்டதும் கால் பின்னுகிறது. போனில் பேசுவதுபோல் சற்று நேரம் படியில் நின்றுவிட்டுத் திரும்பிவிடுகிறேன். நாலு பேர் பார்த்துச் சிரிப்பார்களே என்ற எண்ணம்தான். வீட்டிலேயே கொஞ்சம் இளைத்துவிட்டுப் பிறகு போகலாமா? என் மனைவியும் வர வேண்டும் என்கிறாள், அதற்கும் தயக்கமாக இருக்கிறது. எந்தக் காலணி போடுவது என்பதுகூடத் தெரியவில்லை.

பதில்: தம்பி, இளைத்துவிட்டுப் போகலாம் என்ற யோசனையை முதலில் விட்டுவிடுங்கள். பாளையங்கோட்டையில் உடற்பயிற்சிக் கூடம் ஒன்றில் பல வருடங்களாகப் பயிற்சியாளனாக இருக்கிறேன். இளைத்த பிறகு வருகிறேன் என்று சொல்லிப் போனவர்கள் பலரை எனக்குத் தெரியும். அவர்களையெல்லாம் இன்னும் கடைத்தெருவில்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இது எடையால் வந்த கூச்சமும் அல்ல. எலும்பும் தோலுமாக இருக்கும் பையன்கள் எங்கள் கூடத்துப் படியில் இதே போல் போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். உடம்பு கொஞ்சம் ஏறட்டும், பிறகு வருகிறேன் என்பது அவர்கள் சொல்லும் காரணம்.

உள்ளே போனதும் என்ன செய்வது என்று தெரியாததுதான் உங்கள் காலைப் பின்ன வைக்கிறது. செருப்பை எங்கே விடுவது, யாரிடம் பேசுவது, எந்தக் கருவியில் எந்தப் பக்கம் பார்த்து உட்காருவது, பக்கத்தில் நிற்பவன் அதற்காகத்தான் காத்திருக்கிறானா என ஒன்றும் தெரியாமல் நடுக்கூடத்தில் நிற்க வேண்டியிருக்குமே என்ற பயம் அது. இந்தப் பயத்துக்குத் தைரியம் சொல்லிப் பயனில்லை. தெரிய வேண்டியதைத் தெரிந்துகொண்டால் பாதி அடங்கிவிடும், மீதி பழக்கத்தில் போகும்.

முதலில் அந்த நாலு பேர் யாரென்று பார்த்துவிடுவோம். மாலை ஏழு மணிக்கு எங்கள் கூடத்தில் யார் யார் இருப்பார்கள் என்று சொல்கிறேன், உங்கள் ஜிம்மிலும் ஏறக்குறைய இவர்களேதான் இருப்பார்கள். ஒருவன் போலீஸ் தேர்வுக்குத் தயாராகிறவன். பார்க்க முரட்டு ஆள், நீங்கள் அதிகம் பயப்படப்போவது இவனிடம்தான். அவன் கவலையோ வேறு. 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும், மார்பளவு 81 சென்டிமீட்டர் இருக்க வேண்டும், மூச்சை இழுத்தால் இன்னும் 5 சென்டிமீட்டர் விரிய வேண்டும். காலையில் அண்ணா விளையாட்டரங்கில் ஓடிவிட்டு மாலையில் இங்கே வந்து, இன்ச் டேப்பால் தன் மார்பைத் தானே அளந்துகொண்டிருப்பான். அடுத்தவர், சர்க்கரை கூடிவிட்டதென்று டாக்டர் விரட்டியதால் வந்திருக்கும் ஓய்வுபெற்ற அதிகாரி. டிரெட்மில்லில் நடந்துகொண்டே செய்தி பார்ப்பார். மூன்றாவது, தை மாதம் கல்யாணம் வைத்திருக்கும் மாப்பிள்ளை. கண்ணாடியில் தன் வயிற்றைத் தவிர வேறெதுவும் அவன் கண்ணில் படாது. நாலாவது ஆள், நேற்றுதான் சேர்ந்தவர். நீங்கள் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறீர்களோ என்று அவர் உங்களையே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பார்.

இதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் கிலோவிச்சும் உடன் ஆய்வாளர்களும் 2000-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மாணவர் ஒருவருக்கு, போட்டுக்கொள்ளவே வெட்கப்படும்படி ஒரு பாடகரின் முகம் அச்சிட்ட பனியனை மாட்டி, மற்றவர்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். வெளியே வந்ததும், எத்தனை பேர் பனியனைக் கவனித்திருப்பார்கள் என்று கேட்டார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் என்றார்கள் பனியன் போட்டவர்கள். உள்ளே இருந்தவர்களைக் கேட்டால், அதிலும் பாதிப் பேர்தான் கவனித்திருந்தார்கள்.

ஆனால் இங்கே ஓர் உண்மையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். "அங்கே உங்களை யாருக்கும் தெரியாது, கவலைப்படாதீர்கள்" என்ற ஆறுதல் சென்னைக்கும் பெங்களூருக்கும் பொருந்தலாம். திருநெல்வேலியில் செல்லாது. இங்கே உங்களை நிச்சயம் யாருக்காவது தெரிந்திருக்கும். பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்பு கீழே படித்தவன் இருப்பான், மாமாவோடு வேலை பார்த்தவர் இருப்பார். பெஞ்சில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது, "தம்பி நீங்க டவுன்ல இன்னார் வீட்டுப் பிள்ளைதானே?" என்று ஓர் அண்ணாச்சி நிச்சயமாகக் கேட்பார். இந்தக் கேள்விக்குப் பயந்து ஊர் தாண்டிப் போய் ஜிம்மில் சேர்ந்தவர்களும் உண்டு. ஒருவர் பேட்டையிலிருந்து கே.டி.சி. நகர் வரைக்கும் வந்துகொண்டிருந்தார். போக வர ஆகும் நேரத்துக்கும் பெட்ரோலுக்கும் கணக்குப் பார்த்து நின்றே போய்விட்டார்.

என் அனுபவத்தில், "எந்த வீட்டுப் பிள்ளை" என்று கேட்கும் அண்ணாச்சிதான் அந்தக் கூடத்திலேயே உங்களுக்கு அதிகம் உதவப்போகும் ஆள். கேட்டு முடித்ததும், இருக்கையை இரண்டு துளை கீழே இறக்குங்கள் தம்பி, முழங்கால் இடிக்கிறது பாருங்கள் என்று தானே வந்து இருக்கையைப் பூட்டும் ஊசியை மாற்றிப் போடுவார். மறுநாள் நீங்கள் வரவில்லையென்றால் ஏன் வரவில்லை என்று கேட்பதும் அவர்தான். அறிமுகம் இல்லாத ஊரில் பயிற்சியாளருக்குப் பணம் கொடுத்தால்தான் கிடைக்கும் இந்த விசாரிப்பு நம் ஊரில் சும்மா கிடைக்கிறது. ஆகையால் யாராவது அடையாளம் கண்டுவிடுவார்களோ என்று ஒளிய வேண்டாம். நீங்களே முந்திக்கொண்டு, "அண்ணே, இன்றைக்குத்தான் சேர்ந்தேன், இதை எப்படிச் செய்வது?" என்று கேட்டுவிடுங்கள். புதிது என்று சொல்லிவிட்டவனைப் பார்த்துச் சிரிக்க நம் ஊரில் ஆளில்லை. எல்லாம் தெரிந்ததுபோல் கம்பியின் இரு பக்கமும் அள்ளி மாட்டிவிட்டுத் தூக்க முடியாமல் நெளிபவனைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள்.

நேரம் முக்கியம். மாலை ஆறரையிலிருந்து எட்டரை வரை கூட்டம் நெரியும், அந்த நேரத்தில் தொடங்க வேண்டாம். அதிலும் திங்கட்கிழமை மாலை கூடவே கூடாது. உலகத்தில் எந்த ஜிம்மிலும் திங்கள் என்றால் மார்புக்கான நாள், பெஞ்சைச் சுற்றி வரிசை நிற்கும். சனிக்கிழமை மாலை பாதிக் கூடம் காலியாக இருக்கும். சாரல் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை காலைகளைச் சொல்லவே வேண்டாம், ஊரே குற்றாலத்தில் கிடக்கும். வேலைக்குப் போகிறவர் என்பதால், விடுமுறை நாளில் காலை ஒன்பதரை, பத்து மணிக்குப் போய்ப் பாருங்கள்.

முதல் முறை பயிற்சிக்கென்று போக வேண்டாம், பார்க்க மட்டும் போங்கள். பணம் கட்டியிருக்கிறீர்கள், உரிமையோடு கேட்கலாம். எந்தக் கருவி எதற்கு என்று பயிற்சியாளர் ஒரு சுற்றுக் காட்டட்டும். குளியலறை, தண்ணீர், பை வைக்கும் அலமாரி, செருப்பு விடும் இடம், ஆஞ்சநேயர் படத்துக்குக் கீழே தொங்கும் கட்டண அட்டை எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். அடுத்த முறை போகும்போது அது பார்த்த இடம்.

இன்னொரு வேலையை இன்றிரவே வீட்டில் தொடங்கலாம். ராபர்ட் சயான்ஸ் என்ற உளவியலாளர் 1965-இல் ஒன்றை விளக்கி எழுதினார். நன்றாகப் பழகிய வேலையைப் பிறர் முன்னால் செய்தால் இன்னும் நன்றாக வரும், புதிதாகக் கற்கும் வேலையைப் பிறர் முன்னால் செய்தால் தடுமாறும் என்பது அதன் சாரம். கூடத்தில் நீங்கள் தடுமாறுவதற்கு உங்கள் திறமைக் குறைவு காரணமல்ல, அசைவு புதிது என்பதே காரணம். எனவே அசைவை வீட்டில் பழக்கிவிடுங்கள். நாற்காலியின் முன்னால் நின்று, பின்புறம் விளிம்பில் தொடும்வரை மெதுவாக உட்கார்ந்து எழுந்திருங்கள். நம் பழைய பஸ்கிதான் அது, ஜிம்மில் ஸ்குவாட் என்பார்கள். சுவரில் கை ஊன்றித் தண்டால் எடுங்கள். துடைப்பக் கம்பை முதுகோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, முதுகு வளையாமல் இடுப்பை மட்டும் பின்னே தள்ளிக் குனிந்து நிமிருங்கள். தலையும் முதுகும் இடுப்பும் கம்பை விட்டு விலகக் கூடாது. தரையிலிருந்து எதைத் தூக்குவதற்கும் அடிப்படை இந்த மூன்றாவது அசைவு. ஒரு வாரம் செய்தால் உடம்புக்குப் பிடிபட்டுவிடும்.

பயிற்சி தொடங்கும் நாளில் முதல் பத்து நிமிடம் டிரெட்மில்லில் நடங்கள். மேலே தொங்கும் சிவப்புக் கயிற்றின் கொக்கியைப் பனியனில் மாட்டிக்கொள்ளுங்கள். கால் இடறினால் அது பிடுங்கிக்கொண்டு வந்து பட்டையை நிறுத்தும். ஓட வேண்டாம். பதற்றத்தில் இதயம் படபடக்கும், கை வியர்க்கும், மூச்சு மேலே வாங்கும். நடக்கத் தொடங்கினாலும் இவையேதான் நடக்கும். பத்தாவது நிமிடத்தில் பயத்தால் வந்த படபடப்பு எது, நடையால் வந்தது எது என்று உங்களுக்கே தெரியாது. அதோடு, ஒரே இடத்தில் நின்றபடி கூடத்தை நோட்டம் விட இதைவிடத் தோதான இடம் இல்லை. (நடை இயந்திரத்தின் மூதாதை 1818-இல் இங்கிலாந்தின் சிறைக் கைதிகளுக்காக வில்லியம் கியூபிட் என்ற பொறியாளர் வடிவமைத்த மிதிசக்கரம். அதில் நடப்பவர்கள் முகத்தில் சிரிப்பைக் காணோமே என்று யாராவது வியந்தால் இதைச் சொல்லுங்கள்.)

பிறகு கருவிகள். முதல் மாதம் கம்பியும் தட்டுகளும் இருக்கும் பக்கம் போகவேண்டிய அவசியமில்லை. காலால் தள்ளும் லெக் பிரஸ், மார்புத் தசைக்காகக் கையால் முன்னே தள்ளும் செஸ்ட் பிரஸ், மேலிருந்து இழுக்கும் லாட் புல்டவுன், உட்கார்ந்து தன்னை நோக்கி இழுக்கும் ரோயிங் ஆகிய நான்கும் போதும். எடைப் பலகைகளின் துளையில் ஓர் ஊசி செருகியிருக்கும். உங்களுக்கு முன்னால் செய்தவன் அறுபது கிலோவில் விட்டுப் போயிருப்பான். அதை எடுத்து பத்திலோ பதினைந்திலோ போடுவதற்குத்தான் எல்லோருக்கும் வெட்கம். வெட்கப்படாமல் போடுங்கள். பன்னிரண்டு முறை செய்து நிறுத்தும்போது, இன்னும் மூன்று நான்கு முறை செய்யலாம் போல இருந்தால் எடை சரி. இப்படி இரண்டு சுற்று, ஜிம்மில் செட் என்பார்கள். தள்ளும்போதும் இழுக்கும்போதும் மூச்சை வெளியே விடுங்கள், அடக்காதீர்கள். நாற்பது நிமிடத்தில் வீட்டுக்குக் கிளம்பிவிடலாம். இவ்வளவுதானா என்று தோன்றினால் முதல் நாள் நன்றாக அமைந்தது என்று பொருள்.

ஏன் இவ்வளவு குறைவாகச் சொல்கிறேன் என்றால், வலி மறுநாள்தான் வரும். புதிய பயிற்சியின் தசை வலி ஒரு நாளிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போய்த் தானாக அடங்கும். முதல் நாளே வீரம் காட்டியவர்கள் மூன்றாம் நாள் மாடிப்படி இறங்க முடியாமல் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், அத்தோடு பயிற்சியும் நின்றுவிடும். இதில் ஓர் அபாயமும் உண்டு. தாங்க முடியாத வலியோடு தசை வீங்கி, சிறுநீர் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் போனால் தசை சிதைந்து அதன் புரதம் சிறுநீரகத்தைத் தாக்குகிறது என்று பொருள். எண்ணெய் தேய்த்துக்கொண்டு வீட்டில் கிடக்காமல் உடனே ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். அரிதுதான், ஆனால் முதல் நாள் வெறியில் இது நேரலாம்.

வாரத்துக்கு இரண்டு நாள் போதும் என்றால் பலர் நம்புவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலே பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பும், தசைக்கு வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் பயிற்சியும் வேண்டும் என்றுதான் சொல்கிறது. இரண்டு நாள் ஜிம்முக்குப் போங்கள், மற்ற நாட்களில் வ.உ.சி. மைதானத்திலோ உங்கள் தெருவிலோ நடங்கள். முதல் சில வாரங்களில் எடை கூட்டித் தூக்க முடிவது பெரும்பாலும் நரம்புகள் தசையை இயக்கப் பழகுவதால்தான், கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. அந்த வாரங்களில் கண்ணாடியை நம்பாதீர்கள், ஊசி எந்தத் துளையில் இருக்கிறது என்று மட்டும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

கூடத்துக்குள் நடந்துகொள்ளும் முறை கொஞ்சம்தான். துண்டு கொண்டுபோங்கள், எழுந்ததும் வியர்வையைத் துடையுங்கள். எடுத்த டம்பெல்லை எடுத்த இடத்தில் வையுங்கள். ஒருவர் தூக்கிக்கொண்டிருக்கும்போது பேச்சுக் கொடுக்க வேண்டாம், அவருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் நடக்கவும் வேண்டாம். கருவி காலியாக இல்லையென்றால், "அண்ணே, இன்னும் எத்தனை செட் இருக்கிறது? நடுவில் நான் ஒன்று போட்டுக்கொள்ளட்டுமா?" என்று கேளுங்கள். மறுப்பவர் அபூர்வம். பின்னால் கம்பிப் பக்கம் போகும்போது, வெறும் கம்பி எத்தனை கிலோ என்று கேட்டுவிட்டுத் தொடுங்கள். போட்டிகளில் ஆண்களுக்கான கம்பி மட்டுமே 20 கிலோ, பெண்களுக்கானது 15. நம் ஊர்க் கூடங்களில் பல அளவில் கிடக்கும், பார்த்தால் தெரியாது.

உங்கள் மனைவி விஷயத்தில் தயங்க வேண்டாம், கட்டாயம் அழைத்துப் போங்கள். பெண்களுக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்களா, பெண் பயிற்சியாளர் உண்டா என்று கேளுங்கள். கூடத்துக்குள் வீடியோ எடுக்க அனுமதி உண்டா என்பதையும் கேட்டுவிடுங்கள். எவனோ தன் புஜத்தைப் படம் எடுக்கும்போது பின்னால் தன் முகம் விழுந்து ஊர் சுற்றுமோ என்ற பயம் பெண்களுக்கு உண்டு, அது நியாயமான பயம். நிர்வாகம் மழுப்பினால் வேறு கூடம் பாருங்கள். முறையைத் திருத்துவதற்குத் தொடவேண்டும் என்றில்லை, வாயால் சொல்லியும் செய்துகாட்டியும் திருத்தலாம். "தொடாமல் சொல்லுங்கள்" என்று அவர்கள் நேரடியாகச் சொல்லலாம், நல்ல பயிற்சியாளன் கோபித்துக்கொள்ள மாட்டான். தளர்வான சுடிதார் டாப்பும் டிராக் பேன்ட்டும் தாராளமாகப் போடலாம். துப்பட்டாவை மட்டும் அலமாரியில் வைத்துவிட வேண்டும், டிரெட்மில் பட்டையிலும் கருவியின் கயிற்றிலும் சிக்கும். எடை தூக்கினால் ஆண்பிள்ளை மாதிரி ஆகிவிடுவாய் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அப்படித் தசை புடைக்கத் தேவையான ஹார்மோன் பெண்களிடம் மிகக் குறைவு. அத்தையோ மதினியோ கேட்டால் டாக்டர் சொன்னார் என்று சொல்லிவிடச் சொல்லுங்கள், நம் ஊரில் அதற்கு மேல் கேள்வி வராது.

சேர்ந்த வாரமே யாராவது பவுடர் டப்பாவோடு வருவார்கள். வாங்காதீர்கள். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் இருக்கிறது, மீன் இருக்கிறது, கொண்டைக்கடலை இருக்கிறது, வாரம் ஒருநாள் உளுந்தம்பருப்புச் சோறு இருக்கிறது. உடம்பை ஏற்ற ஊசி, மாத்திரை என்று காதோடு காதாகப் பேசுகிறவன் இருந்தால் அவனுக்கும் உங்களுக்கும் ஒரு கூடத்து நீளம் இடைவெளி இருக்கட்டும்.

மருத்துவத்தில் இரண்டு செய்திகள். நெஞ்சு வலி, தலைசுற்றல், மயக்கம் எப்போதாவது வந்திருந்தாலோ, இரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருந்தாலோ, குடும்பத்தில் இள வயதில் மாரடைப்பு வந்தவர்கள் இருந்தாலோ டாக்டரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். 94 கிலோ என்கிறீர்கள், அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஒருமுறை எப்படியும் பார்த்துவிடுவது நல்லது. அடுத்து, இந்தப் பதற்றம் ஜிம் வாசலில் மட்டும்தானா என்று யோசித்துப் பாருங்கள். கல்யாணப் பந்தியில் பிறர் முன்னால் சாப்பிட, அலுவலகத்தில் எழுந்து நின்று பேச, கடைக்காரரிடம் மீதிச் சில்லறை கேட்கக்கூட இதே போல் கால் பின்னுகிறது என்றால், அது பயிற்சியாளனால் தீராது. அதற்குச் சிகிச்சை உண்டு, நன்றாகவே குணம் தெரியும். ஹைகிரவுண்டில் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

ஜிம் வாசலில் மட்டும்தான் என்றால், ஒரு நிபந்தனை: படியிலிருந்து இனித் திரும்பாதீர்கள். திரும்பும் ஒவ்வொரு முறையும் மனசுக்கு ஒரு நிம்மதி கிடைக்கிறது பாருங்கள், அந்த நிம்மதிதான் மறுநாள் பயத்தை ஒரு பிடி கூட்டுகிறது. பதற்றத்தோடேயே உள்ளே போய் இருபது நிமிடம் இருந்துவிட்டால், அது மெல்ல இறங்குவதை நீங்களே பார்ப்பீர்கள். அன்றைக்கு எதுவும் தூக்கவில்லையென்றாலும் பரவாயில்லை, நடந்துவிட்டு வாருங்கள்.

காலணிக்கு வருகிறேன். தெருவில் போட்ட செருப்போடும் ஷூவோடும் உள்ளே விட மாட்டார்கள், தனியாக ஒரு ஜோடி பையில் வேண்டும். ஆயிரக்கணக்கில் கொடுத்து ஓட்டக்காரர்களின் மெத்தை ஷூ வாங்க வேண்டாம். அதன் அடி மெத்தென்று அமுங்குவதால் பிற்பாடு நின்று எடை தூக்கும்போது கால் ஆடும். அடி தட்டையான கேன்வாஸ் ஷூ போதும், பீரோவுக்கடியில் பழையது கிடந்தால் அதையே துவைத்து எடுத்துக்கொள்ளுங்கள். சாக்ஸ் மட்டும் தினமும் துவைத்ததாக இருக்கட்டும்.